ஊரக முதியோர் உடல்நலப் பரிசோதனை

ஊரக முதியோர் உடல்நலப் பரிசோதனை என்பது, சிற்றூர்களில் வாழும் 60 வயதுக்கு மேற்பட்டோரின் உடல்நிலையை, நோய் அறிகுறி எதுவும் தோன்றாத நிலையிலும், குறிப்பிட்ட கால இடைவெளியில் அளந்து பார்ப்பதைக் குறிக்கும். காய்ச்சலுக்கோ காயத்துக்கோ மருத்துவரிடம் செல்வது இதில் அடங்காது. குருதி அழுத்தம், குருதிச் சர்க்கரை, சிறுநீர், கண் பார்வை, வாயின் உட்புறம் ஆகியவற்றைப் பார்த்தல் இதன் அடிப்படைக் கூறுகள் ஆகும். தமிழ்நாட்டில் இப்பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருத்துவ முகாம்கள், வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் ஆகிய மூன்று வழிகளில் நடைபெற்று வந்துள்ளது. இக்கட்டுரை திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு, ஆரணி பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு தமிழ்நாட்டு நிலையை விளக்குகிறது.

பின்னணி

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோரின் பங்கு 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்தது. 2021இல் இது 13.6 விழுக்காடாகவும், 2031இல் 18.2 விழுக்காடாகவும் இருக்கும் என்று இந்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புகள் கூறுகின்றன. இந்தியாவின் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் பங்கு மிகுதியாக உள்ள மாநிலம் தமிழ்நாடு ஆகும்.

இம்முதியோரைத் தாக்கும் நோய்களில் பெரும்பாலானவை ஓசையின்றி வளர்பவை. உயர் குருதி அழுத்தம் வலிப்பதில்லை. நீரிழிவு நோய் தொடக்க ஆண்டுகளில் தாகத்தையும் சோர்வையும் தவிர வேறெதையும் காட்டாமல் இருக்கலாம். வெயிலில் உழைப்பவருக்குத் தாகமும் சோர்வும் இயல்பானவையாகவே தோன்றும். சிறுநீரகத்தின் செயற்பாடு பாதிக்கும் மேல் குறைந்த பின்னரும் ஒருவர் நடமாடிக் கொண்டிருக்க முடியும். இவற்றின் முதல் அறிகுறி பல வேளைகளில் பக்கவாதமாகவோ, ஆறாத கால்புண்ணாகவோ, குருதிச் சுத்திகரிப்பு தேவைப்படும் நிலையாகவோ இருக்கிறது. அளந்து பார்ப்பதைத் தவிர இவற்றை முன்கூட்டி அறிய வேறு வழியில்லை.

ஊரக நலப்பணி அமைப்பு முதியோரை மனத்திற் கொண்டு உருவானதன்று. சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற இந்திய அரசின் அளவுகோல், தாய்சேய் நலம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்தது. கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் கருவுற்ற பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும் தனித்தனிப் பக்கங்கள் இருந்தன. அதே வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டிக்குப் பக்கம் இல்லை. தமிழ்நாட்டில் தாய் இறப்பும் சேய் இறப்பும் குறைந்ததில் அப்பதிவேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், இதைக் குறையாக மட்டும் கொள்ள இயலாது.

வரலாறு

இந்தியாவில் முதியோர் மருத்துவம் தனித்துறையாகத் தொடங்கியது சென்னையில் ஆகும். மருத்துவர் வ. செ. நடராசன் 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் பிரிவைத் தொடங்கினார். எனினும் அது நகர மருத்துவமனைக்கு வந்து சேர முடிந்தவர்களுக்கே பயன்பட்டது.

1999இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வருமுன் காப்போம் திட்டம், முகாம் முறையைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. ஒரு பள்ளிக் கட்டடத்தில் மருத்துவர்கள் ஒரு நாள் கூடி, வந்தோரை எல்லாம் சோதித்து அனுப்பினர். இதே பெயர் மரபில் கலைஞரின் வருமுன் காப்போம் திட்டம் 2021 செப்டம்பர் 29 அன்று சேலம் மாவட்டம் வாழப்பாடியில் தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 2 அன்று தொடங்கிய நலம் காக்கும் ஸ்டாலின் முகாம்கள், பல துறை மருத்துவர்களையும் ஆய்வகச் சோதனைகளையும் ஒரே இடத்தில் சேர்த்தன.

முகாம் அல்லாத வழி ஒன்று, அரசுக்கு வெளியே, ஏறத்தாழ 1990களின் பிற்பகுதியில் முயன்று பார்க்கப்பட்டது. சிறுநீரக மருத்துவர் எம். கே. மணியின் வழிகாட்டலில் சென்னையைச் சேர்ந்த சிறுநீரக உதவி அறக்கட்டளை, சென்னையை அடுத்த சிற்றூர்களில் சுமார் 25,000 மக்களிடையே பணியாற்றியது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள் பயிற்றப்பட்டனர். அவர்கள் வீடுவீடாகச் சென்று குருதி அழுத்தத்தை அளந்தனர். சிறுநீரில் புரதம் உள்ளதா, சர்க்கரை உள்ளதா என்று எளிய வேதிப் பொருள்களைக் கொண்டு பார்த்தனர். ஐயத்துக்குரியவர்களை மட்டும் மருத்துவர் சோதித்தார். மருந்துகளும் விலை குறைந்த பழைய மருந்துகளே. 2003இல் வெளியான அறிக்கையின்படி, சிகிச்சை பெற்ற உயர் குருதி அழுத்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அழுத்தம் 140/90க்குக் கீழ் கொண்டுவரப்பட்டது. நீரிழிவு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது. மொத்த மக்கள்தொகையில் வகுத்தால் செலவு ஒருவருக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்க்கும் குறைவு. இம்முயற்சி பெற வேண்டிய அளவுக்குக் கவனம் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும். கருவிகளோ மருந்துகளோ புதியவை அல்ல. அதே பெண் அதே வீட்டுக்கு மீண்டும் சென்றதே இதில் புதியது.

அரசுத் தரப்பில், உலக வங்கி உதவியுடன் நடைபெற்ற தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ், 2007இல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் இதயக் குருதிக்குழாய் நோய்த் தடுப்புக்கான முன்னோடித் திட்டம் தொடங்கியது. வேறு எந்தக் காரணத்துக்காக மருத்துவமனைக்கு வந்தாலும், 30 வயதைக் கடந்தவராயின் அவருடைய குருதி அழுத்தத்தையும் அளப்பது இதன் முறை. 2012 முதல் இது பிற மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டு, தொற்றாநோய்களுக்கெனத் தனிச் செவிலியர்கள் அமர்த்தப்பட்டனர். நடுவண் அரசு 2010-11 நிதியாண்டில் முதியோர் நலப் பராமரிப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரந்தோறும் முதியோர் மருத்துவம், ஆண்டுதோறும் உடல்நலப் பரிசோதனை ஆகியவை அதில் வகுக்கப்பட்டிருந்தன.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்தனர். ஏற்கனவே நோய் கண்டறியப்பட்ட 45 வயதைக் கடந்தோருக்கும் நடமாட இயலாதோருக்கும் மாத்திரைகளை வீட்டிலேயே வழங்கினர். இயன்முறை மருத்துவமும் படுக்கையிலிருப்போருக்கான வலி தணிப்புப் பராமரிப்பும் இதில் சேர்ந்திருந்தன. 2024இல் இத்திட்டம் தொற்றாநோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது.

செய்யாறு, ஆரணி பகுதி

செய்யாறு (செய்யார் என்றும் எழுதப்படும், நகராட்சியின் பெயர் திருவத்திபுரம்) அதே பெயருடைய ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011இல் சுமார் 24.6 இலட்சம், அவர்களில் ஐந்தில் நால்வர் ஊரகத்தில் வாழ்ந்தனர். பொதுச் சுகாதாரத் துறை நிர்வாகத்தில் இம்மாவட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட சுகாதார மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, செய்யாறு அவற்றுள் ஒன்றின் தலைமையிடமாக விளங்கி வந்துள்ளது.

இப்பகுதி முதியோரின் தொழில்கள் அவர்களது உடல்நிலையை மட்டுமன்றி, அவர்கள் எதற்காக மருத்துவரை நாடுகிறார்கள் என்பதையும் தீர்மானிக்கின்றன. ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய ஊர்களில் பட்டு நெசவு நடைபெறுகிறது. குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து மிதிக்கும் நெசவாளருக்கு முழங்காலும் இடுப்பும் முதலில் தேய்கின்றன. கண் மங்கினால் அறுந்த இழை தெரியாது, சேலையில் பிழை விழும், கூலி குறையும். ஆகவே கண்புரை முகாம் எங்கே என்று நெசவாளர் தாமே கேட்டு வருவர். குருதி அழுத்தமோ இழையை அறுப்பதில்லை. தொழிலைத் தடுக்காத நோய்க்கு நேரம் ஒதுக்குவது, நெய்த புடவைக்குக் கூலி பெறும் ஒருவருக்கு எளிதன்று. அறுபதைக் கடந்த பின்னரும் தறியில் இருப்போர் பலர். அவர்களுடைய மனைவியர் தார் சுற்றுவதிலும் பாவு வேலையிலும் ஈடுபடுவதால், அவர்களுக்கும் இதே நிலைதான்.

நெல்லும் நிலக்கடலையும் விளையும் சுற்றுப்புறச் சிற்றூர்களில் நிலைமை சற்று வேறு. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் காலணித் தொழிற்சாலைகள் வந்த பின், சுற்றியுள்ள ஊர்களின் இளம் பெண்கள் பெருமளவில் அங்கு வேலைக்குச் செல்கின்றனர். அதிகாலையில் நிறுவனப் பேருந்து வந்து ஏற்றிச் செல்கிறது. வீட்டுக்குப் பணம் வருகிறது. ஆனால் மாமியாரைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லக்கூடிய மருமகள் பகல் நேரத்தில் வீட்டில் இல்லை. ஊரகத்தில் முதியோர் பரிசோதனை என்பது பெரும்பாலும் முதியவரின் முடிவு மட்டுமன்று, உடன் வருபவரின் ஒரு நாளும் ஆகும்.

வராமைக்கான காரணங்கள்

"உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். இதை அறியாமை என்று தள்ளிவிடுதல் சரியன்று. நோயாளி என்று பெயர் சூட்டப்பட்ட நாள் முதல் சோற்றிலிருந்து காப்பி வரை எல்லாவற்றுக்கும் வீட்டில் தடை வரும் என்பதும், மாத்திரை வாழ்நாள் முழுதும் தொடரும் என்பதும் ஊரில் அனைவரும் கண்டறிந்த உண்மைகள். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தொகையில் வாழ்பவர் தனியார் ஆய்வகத்தில் ஒருமுறை செலவிடும் தொகை, அவருடைய அம்மாதக் கணக்கைக் குலைத்து விடும். அரசு நிலையத்தில் சோதனைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பேருந்துக்கும் இழந்த கூலிக்கும் ஈடு இல்லை.

தனியே வாழும் கைம்பெண்கள் இதில் மிகவும் பின்தங்குகின்றனர். கணவருடைய மாத்திரைகளைப் பல ஆண்டுகள் நேரந்தவறாமல் எடுத்துக் கொடுத்தவர், தமக்கென ஒருமுறையும் அளந்து பார்க்காதவராக இருப்பதுண்டு.

அளக்கும் முறை

முதியோரிடம் அளவீடு எளிதில் பிழைபடும் என்பதால் முறை முக்கியமானது. குருதி அழுத்தம் அளக்கும் முன் ஐந்து நிமிடமாவது முதுகைச் சாய்த்து அமர்ந்திருக்க வேண்டும். முந்தைய அரை மணி நேரத்தில் காப்பி, பீடி, புகையிலை கூடாது. கை, இதயத்தின் மட்டத்தில் எதன் மேலாவது தாங்கப்பட்டிருக்க வேண்டும். தொங்கும் கையில் அளந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டையைச் சுற்றினால் குறைவாகக் காட்டும். வெயிலில் நடந்து வந்தவரை முகாம் வரிசையில் நிற்க வைத்து, அமர்ந்தவுடன் எடுத்த ஒற்றை அளவை வைத்து நோயாளி என முடிவு செய்ய இயலாது. வெவ்வேறு நாள்களில் எடுத்த அளவுகள் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே உயர் குருதி அழுத்தம் எனக் கொள்ளப்படுகிறது.

முதியோருக்கு நின்ற நிலையிலும் ஒருமுறை அளப்பது நன்று. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளிகள் குறையுமானால், இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. இத்தகையோருக்கு மாத்திரையின் அளவைக் கூட்டுவதே தீங்காகலாம். நெரிசலான முகாம்களில் இச்சோதனை பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

விரல் நுனிக் குருதியில் சர்க்கரை பார்க்கும்போது விரலைக் கழுவித் துடைத்திருக்க வேண்டும். பழமோ வெல்லமோ தொட்ட விரல் பொய்யான உயர் அளவைத் தரும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும், அல்லது கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் இருப்பது நீரிழிவைக் குறிக்கும். விரல் நுனிச் சோதனையில் மிகுதியாக வந்தால் ஆய்வகத்தில் உறுதி செய்ய வேண்டும். வெறும் வயிற்றுடன் வரச் சொல்வதில் ஓர் இடர் உள்ளது. ஏற்கனவே நீரிழிவு மாத்திரை உட்கொள்ளும் முதியவர், காலையில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, உண்ணாமல் முதல் பேருந்தில் வந்து பத்து மணி வரை காத்திருந்தால், சர்க்கரை அளவு ஆபத்தான முறையில் தாழ்ந்து விடக்கூடும். அன்று காலை மாத்திரையையும் உணவுக்குப் பின்னரே எடுக்க வேண்டும் என்பதை முன்னாளிலேயே சொல்ல வேண்டும்.

வாயைத் திறக்கச் சொல்லி விளக்கொளியில் பார்ப்பதற்குக் கருவியே தேவையில்லை. வெற்றிலையுடன் புகையிலை போடும் பழக்கமுள்ள முதியோரிடம் ஆறாத புண்ணையும் வெண்படலத்தையும் இவ்வாறு கண்டறியலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த ஆய்வு ஒன்று, புகையிலை அல்லது மது பழக்கமுடையோரிடம் இச்சோதனை வாய்ப்புற்றுநோய் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2005இல் காட்டியது.

பாதி விதி

உயர் குருதி அழுத்தம் பற்றிய மருத்துவ நூல்களில் பாதி விதி என்றொரு பழைய கணக்கு உண்டு. நோயுள்ளோரில் பாதிப் பேருக்கே அது தெரியும். தெரிந்தவரில் பாதிப் பேரே சிகிச்சை பெறுவர். பெறுபவரில் பாதிப் பேருக்கே அது கட்டுப்படும். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் கூறப்பட்ட இக்கணக்கின்படி, நூறு நோயாளிகளில் 12 அல்லது 13 பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கும்.

தமிழ்நாட்டில் 2020இல் 18 முதல் 69 வயது வரையுள்ளோரிடம் நடத்தப்பட்ட மாநில ஆய்வில், 33.9 விழுக்காட்டினருக்கு உயர் குருதி அழுத்தமும் 17.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் இருந்தன. அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் அந்நோயாளிகளில் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே, நீரிழிவில் 10.8 விழுக்காட்டினர். பாதி விதி சொல்வதை விடவும் இது குறைவு. 2023-24இல் நடந்த அடுத்த சுற்று ஆய்வில் இவ்விரு அளவுகளும் சுமார் 17 விழுக்காடாக உயர்ந்திருந்தன. மருந்து வீடு வந்து சேர்ந்தது இதற்கு ஒரு காரணமாகலாம். எனினும் ஆறில் ஐவருக்கு நோய் கட்டுப்படவில்லை என்பதும் அதே எண்ணில் அடங்கியுள்ளது. 69 வயதோடு நிற்கும் இவ்வாய்வுகள், எழுபதைக் கடந்தோரைப் பற்றி எதுவும் கூறுவதில்லை என்பதும் கருதத்தக்கது.

இவ்விதியில் முதல் பாதியை மட்டுமே முகாம் சரி செய்ய முடியும். மற்ற இரண்டும் மாதந்தோறும் மாத்திரை கிடைப்பதையும், அது நிறுத்தப்பட்டால் யாரேனும் கேட்பதையும் பொறுத்தவை. முதல் மாத மாத்திரை தீர்ந்ததும், "தலைச்சுற்றல் இல்லை, சரியாகிவிட்டது" என்று நிறுத்துவோர் பலர். முகாமில் சோதிக்கப்பட்டோரின் எண்ணிக்கை செய்திக்குறிப்புகளில் எப்போதும் இடம்பெறுகிறது. ஆறு மாதம் கழித்தும் மாத்திரை உட்கொள்வோரின் எண்ணிக்கை அரிதாகவே இடம்பெறுகிறது.

முழு உடல் பரிசோதனை குறித்த கருத்து வேறுபாடு

நீண்ட சோதனைப் பட்டியலைக் கொண்ட முழு உடல் பரிசோதனை, கூடுதல் பயன் தரும் என்று பரவலாக நம்பப்படுகிறது. தமிழ்நாடு அரசும் 2016இல் சென்னை இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் குறைந்த கட்டணத்தில் அம்மா முழு உடல் பரிசோதனை மையத்தைத் திறந்தது. ஆனால் காக்ரேன் குழுமம் 2019இல் புதுப்பித்த ஆய்வுத் தொகுப்பு, இரண்டரை இலட்சம் பேரை உள்ளடக்கிய சோதனைகளைப் பார்த்து, பொதுவான உடல்நலப் பரிசோதனைகள் இறப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றே கூறியது.

அச்சோதனைகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கு குடும்ப மருத்துவர் வேறு காரணத்துக்கு வந்தவரையும் அளந்து விடுவதால், தனிப் பரிசோதனையால் கூடுதல் பயன் குறைவு. ஒருமுறையும் அளக்கப்படாத செய்யாற்றுப் பகுதி முதியவருக்கு அம்முடிவை அப்படியே பொருத்த இயலாது. எனினும் அதன் எச்சரிக்கை இங்கும் பொருந்தும். சிகிச்சையை மாற்றாத சோதனையால் முதியவருக்குப் பயனில்லை. எண்பது வயதில் தற்செயலாகக் காணப்படும் ஒரு கட்டி, வேலூருக்கும் சென்னைக்குமான அலைச்சலாக முடிவதும் உண்டு.

பிற நாடுகள்

சப்பானின் இவாத்தே மாகாணத்தைச் சேர்ந்த சவாவுச்சி என்னும் மலைக் கிராமம், 1960இல் 65 வயதைக் கடந்தோருக்கும் அடுத்த ஆண்டு 60 வயதைக் கடந்தோருக்கும் மருத்துவத்தைக் கட்டணமின்றி வழங்கியது. 1983இல் நடைமுறைக்கு வந்த சப்பானிய முதியோர் நலச் சட்டம், 40 வயது முதலான பரிசோதனையை நாடெங்கும் உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கியது. சீனாவில் 2009 முதல் 65 வயதைக் கடந்தோருக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை வழங்கப்படுகிறது.

பதிவேடுகளும் செலவும்

தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தின் கீழ் 30 வயதைக் கடந்தோரின் அளவீடுகள் கைக்கணினி வழியாகப் பதியப்படுகின்றன. இப்பதிவில் கைப்பேசி எண் முக்கிய அடையாளம். பல முதியோரிடம் சொந்தக் கைப்பேசி இல்லாததால் மகனின் எண் தரப்படுகிறது. கணவன், மனைவி இருவருக்கும் ஒரே எண் பதிவாவதும் உண்டு. மறு பரிசோதனையை நினைவூட்டும் குறுஞ்செய்தி, சென்னையில் வேலை செய்யும் மகனின் கைப்பேசிக்குச் செல்கிறது. தன்னார்வலர் நேரில் வந்து கதவைத் தட்டும் ஊர்களில் இக்குறை பெரிதாகத் தெரிவதில்லை.

70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றிக் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு வழங்கும் நடுவண் அரசின் விரிவாக்கம் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. இது மருத்துவமனையில் சேர்க்கப்படும் சிகிச்சைக்கானது. புறநோயாளர் பரிசோதனையும் மாத மாத்திரையும் இதில் அடங்கா. பக்கவாதம் வந்து படுத்த முதியவருக்கு இக்காப்பீடு உண்டு. அப்பக்கவாதத்தைத் தவிர்க்கக்கூடிய மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தின் இருப்பைச் சார்ந்தே உள்ளது.